குச்சியில் நிற்கும் ஷட்டர்! தலைக்கு மேல் 60 கிலோ ஆபத்து!!

"கிரீச்" சத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள்!

காலை மணி ஏழரை. ஆபீசுக்குப் போகிற அவசரம். வீட்டுக்காரர் கார் ஷெட்டின் ஷட்டரை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குகிறார். முழங்கால் உயரம் வருகிறது. இடுப்பு உயரம் வருகிறது. அதற்கு மேல் "வர மாட்டேன்" என்று நின்றுவிடுகிறது.

"டேய் தம்பி, அந்தக் கொம்பை எடுத்துட்டு வாடா!"

மூலையில் சாத்தி வைத்திருக்கும் சவுக்குக் கொம்பை மகன் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான். அப்பா தோள் கொடுத்து ஷட்டரை ஏற்ற, பையன் கொம்பை முட்டுக் கொடுக்கிறான். அப்பா குனிந்து ஸ்கூட்டரை வெளியே தள்ளுகிறார். பையனும் புத்தகப் பையோடு அதே ஷட்டருக்கு அடியில் நுழைந்து வெளியே வருகிறான்.

கொம்பு சறுக்கினால்? அன்று சறுக்கவில்லை. அதனால் மறுநாளும் அதே கொம்பு!

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. சென்னையில் பழைய வீடுகள் உள்ள எந்தத் தெருவில் காலையில் நடந்தாலும் கண்ணில் படக்கூடிய காட்சி. கடைத் தெருவிலும் இதே கதைதான். மளிகைக் கடை அண்ணாச்சி தோளில் ஷட்டரைத் தாங்குவார். கடைப் பையன் முட்டுக் கொடுப்பான். வாடிக்கையாளர் அதன் அடியில் நின்று அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்பார்.

தலைக்கு மேலே எவ்வளவு எடை தொங்குகிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

எவ்வளவு எடை?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண கார் ஷெட் ஷட்டர் 8 அடி அகலம், 7 அடி உயரம் இருக்கும். 18 கேஜ் இரும்புத் தகடு என்றால் கனம் 1.2 மில்லி மீட்டர். தகட்டை வளைத்து, ஒன்றோடு ஒன்று கோத்து, அடியில் இரும்புப் பட்டையும் சேர்த்தால் மொத்த எடை 60 கிலோவைத் தாண்டிவிடும். வளர்ந்த ஆள் ஒருவரின் எடை!

அப்படியானால் 60 கிலோவை ஒரு பெண்மணி ஒரே கையால் தூக்குகிறாரே, எப்படி?

அதுதான் ஸ்பிரிங் செய்யும் வேலை. ஷட்டருக்கு மேலே உள்ள பெட்டிக்குள் ஒரு பைப் இருக்கிறது. அந்தப் பைப்பில் கடிகாரத்து ஸ்பிரிங் போல, ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரிய சுருள் ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும். ஷட்டரை இறக்கும்போது அவை முறுக்கேறும். ஏற்றும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து, ஷட்டரை மேலே இழுத்துக்கொள்ளும். கையால் நாம் கொடுப்பது சும்மா ஒரு தள்ளு. பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங்.

ஒரு ஸ்பிரிங் ஒடிந்தால் அதன் பாரம் மற்ற ஸ்பிரிங்கின் தலையில் விழும். அதுவும் தளர்ந்தால் வீட்டுக்காரர் தோளில் விழும். தோளும் தாங்காதபோதுதான் சவுக்குக் கொம்பு வருகிறது.

கொம்பு வந்துவிட்டது என்றாலே, அந்த ஷட்டரில் ஸ்பிரிங் செத்துவிட்டது என்று அர்த்தம்!

சாகும் முன் சத்தம் போடும்

ஷட்டர் ஒரே நாளில் கெட்டுப் போவதில்லை. மாதக் கணக்கில் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கெட்டுப் போகிறது. நாம்தான் காதில் வாங்குவதில்லை.

"கிரீச்" என்று இழுத்துக் கத்தினால் தகட்டுப் பட்டைகள் கோத்திருக்கும் இடங்கள் எண்ணெய் இல்லாமல் காய்ந்துவிட்டன. பக்கத்தில் உள்ள கைடு எனப்படும் இரும்புக் காடியிலும் மண் சேர்ந்திருக்கலாம்.

"டக்... டக்..." என்று விட்டு விட்டு இடித்தால் ஏதோ ஒரு பட்டை நெளிந்திருக்கிறது. அல்லது பட்டை ஒரு பக்கமாக நழுவிக் காடியில் உரசுகிறது.

ஒரு பக்கம் முன்னால் ஏறி, மறு பக்கம் பின்னால் வந்தால் ஸ்பிரிங்குகளில் ஒன்று தளர்ந்திருக்கலாம். பிராக்கெட் இறங்கியிருக்கவும் கூடும்.

நேற்று ஒரு கையால் ஏறியது இன்று இரண்டு கை கேட்டால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது.

பெட்டிக்குள் "டமார்" என்று வெடிச் சத்தம் கேட்டால் ஸ்பிரிங் ஒடிந்தேவிட்டது. அதன் பிறகு அந்த ஷட்டரை ஏற்றவும் கூடாது, அதன் அடியில் போகவும் கூடாது. மெக்கானிக் வரும்வரை ஷெட்டில் இருக்கும் வண்டி அங்கேயே இருக்கட்டும். ஒரு நாள் பஸ்சில் போனால் குடி முழுகிவிடாது.

ஸ்பிரிங்குக்கும் ஆயுள் உண்டு

கார் ஷெட் கதவுகள் அதிகமாக உள்ள நாடு அமெரிக்கா. அங்கே ஒரு சாதாரண ஸ்பிரிங்குக்கு 10 ஆயிரம் முறை ஏறி இறங்கும் ஆயுள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஷட்டரின் ஸ்பிரிங் வேறு மாதிரி. ஆனாலும் இரும்பு இரும்புதான். முறுக்கி முறுக்கி விட்டால் ஒரு நாள் அலுத்துப் போகும்.

காலையில் அப்பா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, சாயங்காலம் அம்மா, ராத்திரி மறுபடியும் அப்பா என்று ஒரு நாளைக்கு 4 முறை ஏற்றி இறக்கினால் 10 ஆயிரம் முறை என்பது 7 ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். வீடு கட்டி 20 ஆண்டு ஆகியும் அதே ஸ்பிரிங் என்றால், அது நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது!

சென்னை இரும்புக்கு எதிரி!

போதாக்குறைக்கு இந்த ஊர்க் காற்று. ராயபுரம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவ மழை வேறு. மழைத் தண்ணீர் முதலில் தேங்குவது ஷட்டரின் காலடியில்தான். அடிப் பட்டையும் காடியின் கீழ்ப் பகுதியும் துருப்பிடித்து பிஸ்கட் போல உதிர்வது இதனால்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பல பகுதிகளில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. வடிந்ததும் வீட்டைக் கழுவினார்கள், வண்டியைப் பழுது பார்த்தார்கள். ஷட்டரை எத்தனை பேர் பார்த்தார்கள்? அப்படி முங்கிய ஷட்டரின் காடியை இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை என்றால், இந்த மழைக்கு முன்பாவது பார்த்துவிடுவது நல்லது.

மாதம் கால் மணி நேரம் போதும்

"இதுக்கெல்லாம் யாருக்கு சார் நேரம்?" என்று கேட்பவர்கள் உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால் மணி நேரம். அவ்வளவுதான்.

முதலில் சும்மா ஒரு முறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

அடுத்தது சுத்தம். பழைய பல் துலக்கும் பிரஷ், காய்ந்த துணி. இரண்டு பக்கத்துக் காடியையும் மேலிருந்து கீழ் வரை தேய்த்துவிட வேண்டும். உள்ளிருந்து மண், பீடித் துண்டு, டீக்கடைக் கப், போஸ்டர் துண்டு எல்லாம் வரும்! ஷட்டர் மேல் ஒட்டும் போஸ்டரையும் அவ்வப்போது ஊற வைத்து உரித்துவிட வேண்டும். பசையும் காகிதமும் பட்டை இடுக்கில் இறுகினால் ஷட்டர் சுருளாது.

மூன்றாவது எண்ணெய். இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயை ஊற்றுவது ஒரு ரகம். மெக்கானிக் ஷாப்பிலிருந்து கறுத்துப்போன பழைய ஆயிலை வாங்கி வந்து ஊற்றுவது இன்னொரு ரகம். இரண்டுமே ஆகாது. தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுக்குப் பிடிக்கும். பழைய ஆயிலில் ஏற்கெனவே இரும்புத் தூள் இருக்கும். தையல் மெஷினுக்குப் போடுவது போன்ற மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுப் பட்டை இணைப்புகளில் தடவினால் போதும். காடிக்குள் கிரீஸ் அப்பவே கூடாது. தெருப் புழுதி அத்தனையும் அதில் ஒட்டிக்கொள்ளும். காடியின் உள்பக்கம் ஒரு மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் ஷட்டர் வழுக்கிக்கொண்டு ஓடும்.

நான்காவது, சுவரைப் பார்ப்பது. மேலே பைப்பைத் தாங்கும் பிராக்கெட் இரண்டு பக்கமும் சுவரில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். ஷட்டர், பைப், ஸ்பிரிங் எல்லாவற்றின் பாரமும் அந்தப் போல்ட்டுகளில்தான். அவற்றைச் சுற்றிச் சுவரில் வெடிப்போ, பூச்சு உதிர்ந்த அடையாளமோ, மழை ஒழுகிய கறையோ தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே ஆளைக் கூப்பிட வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. ஷட்டரைப் பாதி உயரத்துக்கு ஏற்றி, கையை முழுவதும் எடுக்காமல் மெல்லத் தளர்த்திப் பார்க்க வேண்டும். காலும் தலையும் ஷட்டருக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. பிள்ளைகள் பக்கத்திலேயே நிற்கக் கூடாது. நல்ல ஷட்டர் அநேகமாக நின்ற இடத்தில் நிற்கும். "திபுதிபு" என்று கீழே இறங்கினால் முறுக்குக் குறைந்துவிட்டது. தானாக மேலே பாய்ந்தால் முறுக்கு அதிகம். இரண்டுமே மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டிய சமாச்சாரம்.

ஸ்பிரிங்கில் கை வைக்காதே!

இத்தனை வேலையும் வீட்டுக்காரர் செய்யலாம். ஆனால் ஸ்பிரிங், பைப், அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப், பிராக்கெட் போல்ட் - இவற்றில் கை வைக்கவே கூடாது.

ஷட்டர் இறங்கியிருக்கும்போது ஸ்பிரிங்குகள் முழு முறுக்கில் இருக்கும். 60 கிலோவைத் தூக்கும் பலம் அத்தனையும் அந்தச் சுருளுக்குள் அடைபட்டுக் கிடக்கும். "நட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணிப் பார்ப்போம்" என்று ஸ்பேனரைப் போட்டால், பைப் வேகமாகச் சுழன்று கையில் இருக்கும் ஸ்பேனரையே திருப்பி அடிக்கும். விரல் போகும், மணிக்கட்டு முறியும், தாடை பெயரும்.

தொழில் தெரிந்தவர் முதலில் ஷட்டருக்கு வழி செய்துகொண்டு, பைப்பை ரிஞ்சால் பிடித்து, ஆள் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கை இறக்குவார். அதற்கு அனுபவம் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை அவரைக் கூப்பிட்டு முறுக்கையும் பேரிங்கையும் பார்க்கச் சொன்னால் போதும். ஸ்பிரிங் மாற்றும்போது ஒடிந்தது ஒன்றுதான் என்றாலும், அதே வயது ஸ்பிரிங்குகளைச் சேர்த்து மாற்றுவது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் அடுத்த ஸ்பிரிங்குக்கு அடுத்த மாதம் மறுபடியும் கூலி!

புதிதாக ஷட்டர் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உலோக ரோலிங் ஷட்டருக்கென்றே 6248 என்ற எண்ணில் இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. தகட்டின் கனம் என்ன, ஸ்பிரிங் என்ன, பேரிங் உண்டா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்வது வாங்குகிறவர் உரிமை.

ரிமோட் வந்துவிட்டது, பயம் போகவில்லை

இப்போது பல வீடுகளில் மோட்டார் வைத்த ஷட்டர். காரில் இருந்தபடியே பட்டனை அழுத்துகிறார்கள். ஷட்டர் இறங்க ஆரம்பிக்கிறது. கார் தெருமுனை திரும்பிவிடுகிறது.

ஷட்டருக்கு அடியில் பந்து பொறுக்கப் போன குழந்தையை யார் பார்ப்பது?

அமெரிக்காவில் இப்படி மோட்டார் கதவுக்கு அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு 1990ல் அங்கே சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கார் ஷெட் மோட்டார்கள், இறங்கும் கதவு எதன் மீதாவது தட்டினால் 2 நொடிக்குள் கதவைத் திருப்பி மேலே ஏற்ற வேண்டும். அது போக, தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகாத உயரத்தில் ஒளிக்கதிர்க் கண் ஒன்றையும் பொருத்துகிறார்கள். குறுக்கே யார் போனாலும் கதவு நின்று திரும்பிவிடும்.

அந்த ஊரில் மாதா மாதம் செய்யச் சொல்லும் சோதனை மிகச் சுலபம். ஒன்றரை அங்குல கனமுள்ள கட்டையைத் தரையில் படுக்க வைத்துக் கதவை இறக்குவார்கள். கட்டையைத் தொட்டதும் கதவு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அந்த மோட்டாரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

நம் ஊரில் போடும் மோட்டார் ஷட்டர் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. "தடுத்தால் திரும்புமா? கண் இருக்கிறதா?" என்று மாட்டியவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இருந்தால் மாதம் ஒரு முறை சோதிக்கலாம். இல்லாவிட்டால் ஒரே சட்டம்தான்: ஷட்டர் தரையைத் தொடும்வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ரிமோட்டைப் பிள்ளைகள் கையில் விளையாட்டுச் சாமானாகக் கொடுக்கவே கூடாது.

கரண்ட் போனால் கையால் ஏற்ற என்ன வழி என்பதை வீட்டில் எல்லாரும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். நடுராத்திரி இருட்டில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மழை நாளில் "சுர்"!

மோட்டார் இல்லாத ஷட்டருக்கும் கரண்ட் ஆபத்து உண்டு. கடைப் பெயர்ப் பலகைக்கும், ஷெட் விளக்குக்கும் போகும் ஒயர் ஷட்டர் பெட்டியை ஒட்டியே போகும். எலி கடிக்கும், வெயிலில் காயும், தகட்டில் உரசித் தோல் உரியும். மழையில் நனைந்தால் ஷட்டர் முழுவதும் மின்சாரம் பாயும். காலையில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஷட்டரைப் பிடிப்பவர் கதி?

ஷட்டரைத் தொட்டதும் லேசாக "சுர்" என்றாலே கையை எடுத்துவிட்டு மெயினை நிறுத்தி, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். மழைக்கு முன்பே ஒயரைப் பெட்டியிலிருந்து விலக்கிக் குழாய் வழியாகக் கொண்டுபோவதும், எர்த்தைச் சரிபார்ப்பதும் அவசியம்.

திருடனுக்கும் துரு பிடிக்கும்!

"ஷட்டரை நெம்பித் திருட்டு" என்ற செய்தியைப் படிக்காத வாரம் உண்டா? திருடன் கடப்பாரையை விடும் இடம் எது தெரியுமா? துருப்பிடித்த அடிப் பட்டையும் உளுத்துப்போன காடியும்தான். இரண்டு ஓரத்தில் பூட்டு இருந்தும் நடுவில் பூட்டு இல்லையென்றால், நடுப்பகுதியைத் தூக்கி ஒரு ஆள் நுழைய இடம் செய்துவிடுவார்கள். தரையில் பதித்த நடுப்பூட்டு ஆடாமல் இருக்கிறதா, அடிப் பட்டை நேராக இருக்கிறதா என்று பார்ப்பது உயிருக்கு மட்டுமல்ல, பொருளுக்கும் காவல்.

செலவு யார் தலையில்?

வாடகை வீட்டிலும் வாடகைக் கடையிலும் ஷட்டர் கெட்டுக் கிடப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். "குடியிருக்கிறவர் பார்த்துக்கட்டும்" என்பார் வீட்டுக்காரர். "உங்க சொத்துதானே சார், நீங்கதான் செய்யணும்" என்பார் குடியிருப்பவர். இந்தத் தகராறு முடியும்வரை குச்சிதான் ஷட்டரைத் தாங்கும்!

2017ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடச் சொல்கிறது. அந்த ஒப்பந்தத்திலேயே "ஷட்டர் ஸ்பிரிங் செலவு இன்னாருடையது, எண்ணெய் போடுவது இன்னாருடையது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் சண்டைக்கு இடமில்லை.

சிக்கிக்கொண்டால்...

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் யாராவது அடியில் சிக்கிக்கொண்டால் காலைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் காயம் இன்னும் பெரிதாகும். முதலில் பாரத்தைத் தூக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து இரண்டு ஓரத்தையும் ஒரே நேரத்தில் தூக்கலாம். இல்லாவிட்டால் காரில் இருக்கும் ஜாக்கியை அடிப் பட்டைக்குக் கீழே வைத்து ஏற்றலாம். தூக்கியதும் செங்கல்லோ கட்டையோ அடுக்கி, மறுபடி இறங்காமல் செய்துவிட்டுத்தான் ஆளை எடுக்க வேண்டும். மோட்டார் ஷட்டர் என்றால் முதலில் அதை நிறுத்த வேண்டும். அதே நேரத்தில் ஒருவர் 108க்குப் போன் செய்ய வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முன்னால்...

ஆண்டுதோறும் ஆயுத பூஜை வருகிறது. அன்று ஷட்டரைக் கழுவுகிறார்கள். சந்தனம் தெளித்துக் குங்குமம் வைக்கிறார்கள். வாழைக் கன்று கட்டுகிறார்கள். பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிக்கிறார்கள். அதே ஷட்டருக்கு ஒரு சொட்டு எண்ணெய் வைப்பவர் எத்தனை பேர்?

ஆயுத பூஜை வருவதும் வடகிழக்கு மழைக்குச் சற்று முன்னால்தான். அந்த வாரமே மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஸ்பிரிங்கைப் பார்க்கச் சொன்னால் பூஜைக்குப் பூஜையும் ஆயிற்று, மழைக்குக் காவலும் ஆயிற்று. அடுத்தது தைப் பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்கும்போது, மழையில் ஏறிய துருவைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிவப்பு ஆக்சைடு பூசி, அதன்மேல் பெயின்டை மெல்லியதாக அடிக்கலாம். கெட்டியாக அடித்தால் பட்டைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். பெயின்ட் நன்றாகக் காயும்வரை ஷட்டரைச் சுருட்டவும் கூடாது.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஷெட் மூலையில் பாருங்கள். அங்கே ஒரு சவுக்குக் கொம்பு சாத்தியிருந்தால், நாளைக் காலையில் அதை முட்டுக் கொடுப்பதற்கு முன் மெக்கானிக்குக்குப் போன் போடுங்கள்.

கொம்பு பந்தலுக்குக் கால் நட உதவட்டும். பிள்ளையின் தலைக்கு மேல் வேண்டாம்!